தேர்வு முடிந்த கையோடு ஒப்பீடு வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

தருமபுரி மாவட்டப் பள்ளி ஒன்றில், அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் படிவம் கொடுத்து, ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பின் சராசரி மாணவரைவிடத் தாம் மேலா, கீழா என்று எழுதச் சொன்ன செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நோக்கம் நல்லதே, நேரம்தான் பொருந்தவில்லை. ஒப்பிடுபவர் தம்மையும் பிறரையும் ஒருசேர எடைபோட வேண்டும். ஆனால் தம் நிறைகுறைகள் உடனே நினைவுக்கு வர, பிறருடையவற்றை எண்ணிப் பார்க்கத் தனி முயற்சி தேவைப்படுகிறது. அமெரிக்க உளவியலாளர் ஜஸ்டின் குரூகர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், எளிய திறன்களில் தம்மைச் சராசரிக்கு மேலாகவும் கடினமானவற்றில் கீழாகவும் மதிப்பிடும் போக்கு காணப்பட்டது. மனத்துக்கு வேறொரு வேலையும் கொடுத்தபோது அந்தச் சாய்வு மேலும் கூடியது. தேர்வெழுதிக் களைத்த பிள்ளைகளிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

பாலக்கோட்டில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவன் நான். வட்டத்துக்குத் தொடுகோடு வரையத் தடுமாறியதும் "நான்தான் கடைசி" என்று முடிவுகட்டும் மாணவர்கள், பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்த்த பிறகே வகுப்பு முழுவதும் தடுமாறியதை உணர்வார்கள். பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க இப்படிவம் உதவும் என்று செய்தி கூறுவதால், இதனை வேறொரு நாள் காலை முதல் பாடவேளையில் கொடுக்கலாம். தம்மைப் பற்றி எழுதுமுன், சக மாணவர் சிலர் அதே கணக்கை எப்படிச் செய்தனர் என்பதையும் எழுதச் சொல்லலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு.