குருமனைக்குப் போகிற மகளுக்கு

அன்பு மகளே, தோத்திரம்.

போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அந்தத் தேரிக்காட்டுச் சேகரத்துக்கு நாங்க போகத்தான் வேணுமா ஆன்ட்டி?" என்றாய். செம்மணல் மேட்டுப் பக்கம், உன் வீட்டுக்காரர் குருவாகப் போகிற சபை வட்டாரம். "ஜெபம் பண்ணுவோம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். பதில் தெரியாதபோது எங்களைப் போன்றவர்கள் சொல்கிற வார்த்தை அது. அதிலும் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் இப்போது எழுதுகிறேன். உன்னைப் போல இன்னும் சிலர் இதே மாதம் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன். உன் பெயரைப் போடவில்லை, பயப்படாதே.

குருவின் மனைவியாக 31 வருடத்தில் 8 குருமனைகளில், அதாவது சபை குருவுக்குக் கொடுக்கிற வீடுகளில், குடியிருந்திருக்கிறேன். குருவை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. எட்டிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: பின்வாசல் கதவு பேருக்குத்தான் இருக்கும். ஊரில் யாரும் அதைத் தட்டிவிட்டு வருவதில்லை. முதல் சேகரத்தில் ஒரு பாட்டி நேராக அடுப்படிக்கு வந்து, கொதிக்கிற குழம்பைத் திறந்து பார்த்து, "புளி கூடிப் போச்சு ஐயரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று நான் அழுதேன். கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. குழம்பில் புளி கூடித்தான் போயிருந்தது, அது வேறு விஷயம்.

நீ போகிற பக்கத்தின் சரித்திரம் உன் வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கும். 1799-ல் தாவீது சுந்தரானந்தம் முயற்சியில் உருவான முதலூர், மெஞ்ஞானபுரம் தேவாலயத்தின் 192 அடிக் கோபுரம், இடையன்குடியில் கால்டுவெல் ஐயர் என்று செமினரியில் படித்திருப்பார். நான் அங்கெல்லாம் போகும்போது நினைத்துக்கொள்வது கால்டுவெல் ஐயரின் மனைவி எலிசா அம்மாவை. நாகர்கோவில் மிஷனெரி மால்ட் வீட்டுப் பெண். 1844-ல் கல்யாணமாகி, அந்தச் செம்மண் காட்டுக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தாள். இடையன்குடிக் கோயில் கட்டி முடிக்கவே 33 வருடம் பிடித்து 1880-ல்தான் பிரதிஷ்டை ஆயிற்று. அவ்வளவு காலமும் அந்தம்மாவின் அடுப்படிக்குள்ளும் யாராவது வந்து மூடியைத் திறந்து பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன். எனக்கு அதில் ஓர் ஆறுதல்.

சந்தோஷத்தைச் சொல்கிறேன். கைப்பிடி அரிசி என்று ஒன்று உண்டு. உலையில் அரிசி போடும்போது வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிச் சட்டியில் போட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். சில ஊர்களில் அது குருமனைக்கு வரும். புழுங்கலரிசி, பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒரே மூட்டையில் கலந்திருக்கும். பொங்கினால் ஒரு பருக்கை குழைந்து கிடக்கும், பக்கத்துப் பருக்கை நறுக்கென்று கடிபடும். முதல் வருடம் எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. அப்புறம் எந்த அரிசி யார் வீட்டினுடையது என்று ஓரளவு தெரிய ஆரம்பித்தது. ஒரு வாரம் மூட்டை சிறுத்திருந்தால் எந்தத் தெருவில் வேலை இல்லை என்று புரிந்துவிடும். எங்கள் வீட்டு ஐயா, என் வீட்டுக்காரர்தான், அந்த மூட்டையைப் பார்த்துத்தான் வீடு சந்திக்கப் புறப்படுவார். பிரசங்கம் தயார் பண்ண அவருக்கு எத்தனையோ புத்தகங்கள் இருந்தன, ஊரைப் படிக்க இந்த மூட்டை ஒன்றுதான்.

பதநீர்க் காலத்தில் போய்ப் பார். ஆண்கள் காலையும் மாலையும் மரத்தில் இருப்பார்கள், பெண்கள் கருப்பட்டி காய்ச்சுகிற விடிலிக்குள் புகையில் இருப்பார்கள். பட்டணத்து நேரத்துக்கு ஆராதனை வைத்தால் கோயில் காலியாகத்தான் இருக்கும். அதற்காக அவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று பிரசங்கத்தில் வெளுத்து வாங்க வேண்டாம் என்று உன் வீட்டுக்காரரிடம் சொல். எங்கள் ஐயா ஒரு தடவை வாங்கினார். மறுநாள் ஒரு பனையேறி வந்து, "ஐயா, நான் ஒரு நாளைக்கு முப்பது மரம் ஏறுதேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஏறும்போது ஒரு ஜெபம், இறங்கும்போது ஒரு தோத்திரம். கணக்குப் போட்டுக்கிடுங்க" என்றார். இவர் கணக்குப் போட்டுவிட்டு, இரண்டு நாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையைப் பற்றி நீயே தெரிந்துகொள்வாய். ராத்திரி முழுக்கக் காய் நறுக்கல், அடுப்பில் பெரிய அண்டாக்கள், ஊரே ஒரே பந்தியில். காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் ஒரு பூசணிக்காய் கடைவிலையைப் போல நூறு மடங்குக்குப் போகும். எடுத்தவன் மும்பையில் மளிகைக் கடை வைத்திருப்பவனாக இருப்பான். அந்தப் பூசணிக்காயை அவன் என்ன செய்தான் என்று யாரும் கேட்பதில்லை.

பண்டிகையின் மூன்று நாள் முடிந்து வண்டிகளெல்லாம் போன பிறகுதான் உண்மையான சபை கண்ணுக்குத் தெரியும். வெள்ளைச் சேலை கட்டிய பாட்டிமார் முன் பாயில், ஏழெட்டுப் பிள்ளைகள் பக்கவாட்டில், ஆண்கள் பக்கம் ஒரு பாய் மடித்தபடியே. பிள்ளைகள் சென்னை, கோயம்புத்தூர், துபாய். கோயிலுக்குக் கிரானைட் தரை போடப் பணம் வரும். அந்தத் தரையில் முழங்கால் போட ஆள் இருக்காது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மண்ணில் ஈரம் இல்லையென்றால் பிள்ளைகள் என்ன செய்யும்? ஆனால் சாவு விழும்போது தெரியும். மகன் விமானம் பிடித்து வரும்வரை உடலை ஃப்ரீஸர் பெட்டியில் வைத்திருப்பார்கள். இரண்டு ராத்திரி, சிலநேரம் மூன்று. அந்த ராத்திரிகளில் வீட்டில் இருப்பது கிழவனும் பக்கத்து வீட்டுக்காரியும் நீங்களும்தான். ஐயர் ஜெபம் பண்ணிவிட்டு வரலாம். ஐயரம்மா வர முடியாது, உட்கார்ந்திருக்க வேண்டும். பெட்டியின் மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கிழவன் விடியவிடியப் பேசுவான், பெண் பார்க்கப் போன கதையிலிருந்து. அந்தக் கதைகளில் ஒன்றையும் அவன் மகன் கேட்டதில்லை. எனக்குத் தெரியும்.

எந்த வீட்டுக் கதவும் உனக்குத் தட்டாமல் திறக்கும், அதைத்தான் சொல்ல வருகிறேன். உன் கதவு அவர்களுக்குத் திறந்திருப்பது அதற்கு ஈடு.

இனித் துக்கம். சாதி கோயிலுக்குள்ளும் வரும், சபைத் தேர்தல் வரும்போது செருப்பைக்கூடக் கழற்றாமல் வரும். எந்தத் தெருவில் நீ காப்பி குடித்தாய், எந்தத் தெருவில் குடிக்கவில்லை என்று கணக்கு எடுப்பார்கள். எல்லாத் தெருவிலும் குடி. வயிறு கெட்டாலும் பரவாயில்லை.

ஒரு சேகரத்தில் நடந்தது. ஊர் வேண்டாம். தனியாகக் கிடந்த ஒரு விதவைத்தாய் அதிகாலை இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தாள். சபைக்குக் கட்டுகிற சங்கக் காணிக்கை பல வருடம் பாக்கி. பாக்கியைக் கட்டினால்தான் துக்க மணி அடிக்கலாம், கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கலாம் என்று கமிட்டியில் இரண்டு பேர் பிடியாக நின்றார்கள். நான் ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டு, "நாம கட்டிருவோமே" என்றேன். கையில் வளையல் இருந்தது. அவர், "கட்டினா அவங்க கேட்டது நியாயம்னு ஆயிரும்" என்று சொல்லிவிட்டு நேரே மணிக்கூண்டுக்குப் போய்விட்டார்.

அவருக்கு மணி அடிக்கத் தெரியாது. துக்க மணி விட்டு விட்டு அடிக்க வேண்டும். இவர் கோபத்தில் ஆராதனை மணி மாதிரி அடித்துவிட்டார். இரண்டு பாட்டிகள் வேதாகமமும் பாமாலையுமாகக் கோயிலுக்கு வந்து நின்றார்கள். "இன்னைக்கு என்ன பண்டிகை?" என்று கேட்டார்கள். கயிறு இழுத்து அவர் உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அந்தக் கையோடுதான் மண் போட்டார்.

அப்புறம் என்ன, அவர்மேல் மேலிடத்துக்கு மனு போனது. என் அடுப்படி வரைக்கும் அதில் எழுதியிருந்தார்களாம். அடுத்த மே மாதம் மாற்றல். எங்கள் மகள் பத்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய நேரம், நடுவில் பள்ளிக்கூடம் மாறினாள். அவர் செய்தது சரிதான் என்று இன்று சொல்கிறேன், அன்று சொல்லவில்லை. பல நாள் அவரோடு பேசவே இல்லை. மகள் இன்னும் அந்த ஊர்ப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள். வெள்ளாளன்விளைக் கிராமக் குருவின் வீட்டில் பிறந்த அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனதை எல்லா மேடையிலும் சொல்வார்கள். குருமனைகளில் வளர்ந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாறின மற்றப் பிள்ளைகளைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

லாரியில் சாமான் ஏற்றின அன்று, மனுவில் கையெழுத்துப் போட்ட அதே ஆள் வந்து கயிறு கட்டினார். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் சாக்கு வைத்து, கீறல் விழாமல். நான் அவருக்கும் காப்பி கொடுத்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அந்த மனுஷனைப் பற்றி என்ன நினைக்க வேண்டும் என்று எனக்கு இதுவரை முடிவு கிடையாது.

உன் கேள்விக்கு வருகிறேன். போ. ஆனால் ஆசிரியை வேலையை ஒரேயடியாக விட்டுவிடாதே. பஸ் போகிற தூரத்தில் பள்ளிக்கூடம் ஏதாவது இருக்கும், விசாரி. உன் பெயரில் ஒரு பாங்க் கணக்கு இருக்கட்டும். ஐயரம்மா வேலைக்குப் போனால் முதல் ஆறு மாதம் பேசுவார்கள், அப்புறம் அவர்கள் பிள்ளைகளையே டியூஷனுக்கு அனுப்புவார்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு போய் இறங்குகிற மாதிரி லாரிக்காரரிடம் சொல். பெரிய டார்ச் லைட் ஒன்று வாங்கிக்கொள், தேரியில் பாம்பு உண்டு. முதல் நாள் அடுப்பு பற்றவைக்காதே, நாலு வீட்டிலிருந்தாவது குழம்பு வரும். எல்லாவற்றிலும் கொஞ்சம் ஊற்றிச் சாப்பிடு. எந்தப் பாத்திரம் எந்த வீட்டினுடையது என்று ஒரு நோட்டில் எழுதி வை. திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது, ஒன்றும் இல்லையென்றால் கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுக் கொடு. நீயே கொண்டுபோய்க் கொடு, ஆள் அனுப்பாதே.

அன்புடன்,
ஆன்ட்டி