பெரியப்பாவுக்கு, அந்த சிலேட்டுல நான் என்ன பண்றேன்னு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

போன ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டீங்க, "நாள் பூரா அந்த சிலேட்டுல என்னத்தா கிறுக்குற, அதுக்குச் சம்பளம் வேற குடுக்குறாகளா"ன்னு. நான் சிரிச்சு மழுப்பிட்டு போனை பெரியம்மாகிட்ட குடுக்கச் சொல்லிட்டேன். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. அந்தக் கேள்விக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லியே ஆகவேண்டிய ஆளு நீங்க ஒருத்தர்தான், உங்ககிட்டயே மழுப்பிட்டேன். அதான் உக்காந்து எழுதுறேன், மதினி வாசிச்சுக் காட்டுவாங்க. நடுவுல நீங்க தூங்கிட்டா எழுப்ப வேணாம்னும் சொல்லி வச்சிருக்கேன்.

(மத்தவங்களுக்கு ஒரு வரி. பெரியப்பா ஆத்தங்குடியில முப்பது வருஷத்துக்கு மேல கல்லு ஊத்துனவர், நீங்க டைல்ஸ்னு சொல்றீங்களே அதான். நான் மெட்ராஸ்ல ஒரு கேம் கம்பெனியில, ஆளுங்க ஓடி அடிச்சுக்கிட்டு சாகும்போது பின்னாடி அசையாம நிக்குற மலையும் வானமும் வரையுறவ. சிலேட்டுன்னு அவர் சொல்றது நான் படம் வரையுற டேப்லெட்ட.)

உங்களுக்குச் சொல்லணும்னா கண்ணாடியில இருந்துதான் ஆரம்பிக்கணும் பெரியப்பா. ஆறாப்பு லீவுல மொத மொதல்ல பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனீங்க. கண்ணாடியத் துடைச்சு, மேல இரும்புச் சட்டத்த வச்சு, அதுக்குள்ள அச்ச எறக்கி, ஒவ்வொரு அறையிலயும் கரண்டியால கலரு ஊத்துனீங்க, மஞ்சள் ஒரு பக்கம் செவப்பு ஒரு பக்கம் நடுவுல பச்சை. அப்புறம் அச்ச நேரா மேல தூக்குனீங்க பாருங்க, கை இம்மி ஆடல, நான்தான் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இப்ப எல்லாம் கலந்துரும்னு பாத்தா கலக்கல, கோடு போட்ட மாதிரி நிக்குது. அதுக்கு மேல காஞ்ச சிமெண்ட்டும் மணலும் தூவி ஈரத்த இழுக்க விட்டு, கலவையப் போட்டு மட்டம் பண்ணி ஓரமா வச்சிட்டீங்க. அவ்ளோ அழகான பூவ சிமெண்ட்டப் போட்டு மூடிட்டாரேன்னு நான் அன்னைக்கு அழுத அழுகைய பெரியம்மா இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிக்குறாங்க. காஞ்சு, தொட்டித் தண்ணியில ஊறி, கண்ணாடிய எடுத்தப்பதான் பூவு பளபளன்னு வெளிய வந்துச்சு. பாலிஷும் கிடையாது சூளையும் கிடையாது, கண்ணாடியோட வழவழப்புதான் அதுன்னு நீங்க சொன்னது அப்ப எனக்குப் புரியவே இல்ல.

நான் பண்றதும் கண்ணாடி வேலைதான், ஆனா தலைகீழ். உங்களுக்கு கண்ணுல படப்போற பக்கம் மொதல்ல, முதுகு கடைசில. எனக்கு தூரத்துல இருக்குறது மொதல்ல, கிட்ட இருக்குறது கடைசில. சிலேட்டுக்குள்ள அம்பது அறுபது கண்ணாடி ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருக்குறதா நெனச்சுக்கங்க, அதுக்கு லேயர்னு பேரு. அடியில வானம், அதுக்கு மேல மலை, அதுக்கு மேல பனைமரம், ஊருணித் தண்ணி, எல்லாத்துக்கும் மேல புழுதி. பனைமரம் கோணலாப் போச்சுன்னா அந்தக் கண்ணாடிய மட்டும் உருவி எறிஞ்சிரலாம், வானத்துக்கு ஒண்ணும் ஆகாது. புழுதிய பாதி மங்க வைக்கலாம், கால்வாசி மங்க வைக்கலாம். மல்டிப்ளைன்னு ஒரு வித்தை இருக்கு, அந்த மாதிரி ஒரு கண்ணாடிய மேல வச்சு அதுல எந்தக் கலரத் தடவுனாலும் அடியில இருக்குறது கருத்துரும், வெள்ளையத் தடவுனா மட்டும் அப்படியே இருக்கும். நெழலெல்லாம் நான் அப்படித்தான் போடுறேன். தப்பாப் போட்டுட்டா ரெண்டு வெரலால ஒரு தட்டு, போட்டதே இல்லன்னு ஆயிரும். "அப்ப கை எப்படித்தா பழகும்"னு நீங்க கேப்பீங்க, தெரியும். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

கலரு சமாச்சாரம் இன்னும் கேவலம். செவப்பு, பச்சை, நீலம் மூணு வெளிச்சம்தான் சிலேட்டுக்குள்ள, ஒவ்வொண்ணுலயும் 256 படி, மூணையும் பெருக்குனா 1,67,77,216 கலரு. உங்க பட்டறையில எத்தன டப்பா இருந்துச்சு, வெள்ளை கருப்பையும் சேத்து ஆறு இருக்குமா? அந்த ஆற வச்சு எத்தன வீட்டுக்கு ஜமுக்காளம் விரிச்ச மாதிரி தரை போட்டீங்க. நான் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்த கையில வச்சுக்கிட்டு நம்ம ஊரு மண்ணோட கலர எடுக்கத் தெரியாம மூணு மாசம் முழிச்சேன்.

அந்தப் படத்தப் பத்திதான் சொல்ல வந்தேன். ஆபீஸ் வேலை இல்ல அது, யாரும் கேக்கல, காசும் வராது. எனக்குப் படம் போடணும்னு ஆசை வர வச்ச ஆளுங்களுக்கு ஒரு மரியாதையா ஒரே ஒரு படம் போடணும்னு ரொம்ப நாளா மனசுல கெடந்துச்சு. இடம் எதுன்னு யோசிக்கவே இல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குற காவடியப் பாக்க உங்க டிவிஎஸ் ஃபிஃப்டியில என்னைய முன்னாடி நிக்க வச்சு குன்றக்குடி கூட்டிட்டுப் போவீங்கல்ல, அந்த ரோட்டுல வண்டிய நிறுத்தி பீடி பத்த வைப்பீங்களே, ஒரு ஊருணி, நாலு பனை, பொட்டல், தூரத்துல மலை, அந்த இடம்தான்.

மொத வாட்டி போட்டத பொங்கலுக்கு வந்தப்ப காட்டுனேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு "நல்லாருக்குத்தா, இது கொடைக்கானலா?"ன்னீங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் படிச்ச பாடம் எல்லாத்துலயும், பாத்த வீடியோ எல்லாத்துலயும் ஒரே விதிதான், தூரத்துல இருக்குறத நீலமாக்கு, மங்கலாக்கு. காத்துல நீல வெளிச்சம்தான் அதிகமா செதறும், அதனால தூரத்து மலை நீலமாத் தெரியும், தப்பில்ல. ஆனா அது மழை பெஞ்சு கழுவி விட்ட குளிர் ஊரு காத்துக்கு. நம்ம பக்கம் சித்திரை வெயில்ல காத்துல முக்கால்வாசி புழுதி, அந்தப் புழுதி எல்லாக் கலரையும் ஒரே மாதிரி செதறடிச்சிரும், அதனால தூரம் போகப்போக வெளுத்துக்கிட்டே போகும், பழைய வேட்டி கலருக்கு. இந்த விளக்கமெல்லாம் அப்புறம் தேடிப் படிச்சேன். நீங்க பீடியக் கடிச்சுக்கிட்டு "நம்ம மலைக்கு ஏதுத்தா நீலம், அது வெளுத்த மலை"ன்னு ஒரு வரியில முடிச்சிட்டீங்க.

ரெண்டாவது வாட்டி உஷாரா செல்போன்ல போட்டோ எடுத்து அதுல இருந்து கலரத் தொட்டு எடுத்தேன். இந்தப் போன் கேமராவப் போல பொய் சொல்ற ஜென்மம் வேற இல்ல, பாக்குறவனுக்குப் பிடிக்கணும்னு தானாவே எல்லாத்தையும் தூக்கிக் காட்டும், செம்மண்ணு ஆரஞ்சு முட்டாய் மாதிரி வந்து நின்னுச்சு. அப்ப நீங்க கொல்லையில இருந்து மூலை ஒடஞ்ச கல்லு ஒண்ண எடுத்துட்டு வந்து, வாசல் மண்ணுல வச்சு, "இந்தச் செவப்புத்தான், இதுல ஒரு பிடி சாம்பலப் போட்டுக்க"ன்னீங்க. உச்சி வெயில்ல குந்த வச்சுப் பாத்தேன், அச்சு அசலா இருந்துச்சு. இருக்காதா பின்ன, நீங்க கலக்குன செவப்புப் பொடியும் இரும்புத் துரு, நம்ம செம்மண்ணு செவந்திருக்குறதும் இரும்புத் துரு. கோடிக் கலருல தேடுனத ஒடஞ்ச கல்லு காட்டிக் குடுத்துருச்சு. அன்னைக்கே இன்னொண்ணும் சொன்னீங்க, அதுக்காகவே தனியா ஒரு கும்பிடு. பக்கத்து வீட்டு வெள்ளாடு நின்னுச்சு, "அது வயித்தப் பாரு"ன்னீங்க. வெள்ளை ஆடு, முதுகு வெள்ளையா இருக்கு, வயிறு மட்டும் லேசா செவந்து இருக்கு. மண்ணுல பட்ட வெயிலு மேல எகிறி அடிக்குது. அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் அதான் தெரியுது, வெள்ளையடிச்ச செவத்தோட அடிப்பக்கம், பனைமரத்துத் தூரு, நடந்து போற ஆளோட வேட்டிக் கரை. எங்க ஆபீஸ்ல அதுக்கு ஒரு இங்கிலீஷ் பேரு இருக்கு, பேரு தெரிஞ்சிருந்தும் நான் ஒரு நாளும் பாத்ததில்ல.

இந்தப் படத்துல உங்களோட இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க, கோவிச்சுக்காதீங்க. ஒருத்தர் டேவிட் ஹாக்னின்னு ஒரு வெள்ளைக்காரர், பெரிய ஓவியர். 2010-ல ஐபேட் வந்தப்ப அவருக்கு எழுபத தாண்டிருச்சு, 1937-ல பொறந்தவர், நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. அந்த வயசுல புது சாமானக் கையில எடுத்து, 2011-ல யார்க்ஷயர்ல தன் ஊர்ப் பக்கத்து ரோடு ஒண்ணையே திரும்பத் திரும்ப வரைஞ்சார், பனியில மொட்டையா நிக்குற மரத்துல இருந்து துளிர் விடுற வரைக்கும். பெரிய மலை பெரிய அருவி எதுவும் இல்ல, சாதா ரோடு. அதப் பாத்துதான் குன்றக்குடி ரோட்டையும் வரையலாம்னு எனக்குத் தைரியம் வந்துச்சு. இன்னொருத்தர் பேரு யாருக்கும் தெரியாது. உங்க கல்யாண போட்டோவுல நீங்களும் பெரியம்மாவும் வெறப்பா நிக்குறீங்களே, பின்னாடி ஸ்டுடியோ திரையில அருவி, அரமனைப் படிக்கட்டு, குளத்துல அன்னம், அத எழுதுனவர். நான் பொறந்து பாத்த மொத நிலக்காட்சி அதுதான். அவருக்காக நம்ம ஊருணியில ஒரு கொக்க அன்னம் மாதிரி கழுத்த வளைச்சு நிக்க வச்சிருக்கேன். கொக்கு அப்படி நிக்காது, எனக்கும் தெரியும்.

ஒரு தம்பி படத்தப் பாத்துட்டு "அக்கா, செட்டிநாடுன்னா வீட்ட வரையலாம்ல, பொட்டல்ல என்ன இருக்கு"ன்னு கேட்டான். எல்லாரும் அப்படித்தான், கானாடுகாத்தான்ல கார விட்டு எறங்குறாங்க, தூண போட்டோ எடுக்குறாங்க, ஏறிப் போறாங்க, ஒருத்தராவது திரும்பி நின்னு எதுக்க கெடக்குற மண்ணப் பாக்குறாங்களா? தேக்கு பர்மாவுல இருந்து வந்துச்சு, மார்பிள் இத்தாலியில இருந்து வந்துச்சு, எல்லாம் கப்பல்ல வந்து எறங்குனதுதான். கால் வைக்குற தரைதான் இங்க, இந்த மணல்ல, உங்க கையில ஆனது. அந்தத் தரையில நின்னுக்கிட்டே கழுத்த அண்ணாந்து உத்திரத்தப் பாக்குறாங்க. எனக்கு இதுல கொஞ்சம் கோவம் இருக்கு, இருக்கட்டும்.

பிரிண்ட் போட்ட கூத்தையும் சொல்லிடுறேன். மொதல்ல ஊருப்பக்கமே ஒரு கடையில குடுத்தேன், பேரு வேணாம், ஃப்ளெக்ஸ்ல அடிச்சு, "கலரு டல்லா இருந்துச்சுக்கா, நானே தூக்கி விட்டுட்டேன்"னு பெருமையா நீட்டுனார். வெளுத்த மலை ஊதா ஆயிருச்சு, பொட்டல்ல தீப்பிடிச்ச மாதிரி இருந்துச்சு, நடுவுல ஒரு மந்திரி போட்டோவும் பூப்புனித நீராட்டு விழாவும் மட்டும்தான் கொறை. அப்புறம் மெட்ராஸ்ல நல்ல பருத்திப் பேப்பர்ல போட்டேன், 594 மில்லிமீட்டர் அகலம் 420 உயரம், இஞ்சுக்கு 300 புள்ளி, மொத்தம் 7016-க்கு 4961, கிட்டத்தட்ட மூணரைக் கோடி புள்ளி. திரையில இருக்குறது வெளிச்சம், பேப்பர்ல இருக்குறது மை, அதனால வானத்து நீலம் கொஞ்சம் செத்துப்போச்சு. உங்க செவப்பு மட்டும் ஒரு பொட்டு மாறல.

இன்னொண்ணு சொல்லணும். ஊருணிப் படிக்கட்டுக்கு இடது பக்கம் கீழ, மண்ணுக்கு அடியில இருக்குற லேயர்ல உங்க எட்டிதழ் பூவ வரைஞ்சிருக்கேன், அந்த மஞ்சளும் பச்சையும் போட்டு, ஓரத்துல கருப்புக் கோடு விட்டு, வரைய மட்டும் ரெண்டு நாள் ஆச்சு. அதுக்கு மேல செம்மண்ணப் பூசி முழுசா மூடிட்டேன். பிரிண்ட்ல தேடாதீங்க, தெரியாது.

படம் அடுத்த வாரம் பார்சல்ல வரும். முத்தத்து வெயிலு விழுற செவத்துல மாட்ட வேணாம், மை வெளுத்துரும், பட்டாலையில சாமி படத்துக்கு எதுக்க மாட்டச் சொல்லுங்க. தீவாளிக்கு வர்றேன். பட்டறையில இப்ப இருக்குற தம்பிகிட்ட சொல்லி மஞ்சள் கலவை ஒரு டம்ளர் ஈரமா எடுத்து வைக்கச் சொல்லுங்க, காயுறதுக்கு முன்னாடி அது என்ன கலருல இருக்கும்னு எவ்ளோ யோசிச்சும் எனக்கு ஞாபகம் வரல.

உங்க மக