கூட்டத்தில் பேசிவிட்டு வந்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்குவாரி கருத்துக்கேட்புக் கூட்டங்களில் மக்கள் கொந்தளித்தார்கள், எதிர்ப்புத் தெரிவித்துக் கலைந்து சென்றார்கள் என்று தங்கள் இதழின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி படிக்கிறேன். கலைந்த பிறகு என்ன ஆனது என்ற செய்தியைத்தான் காணோம். எங்கள் ஊரில் நடந்ததை எழுதுகிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி நான். மூன்று வருடங்களுக்கு முன்னால், ஊரை ஒட்டி இன்னொரு குவாரி வருகிறதென்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா, ஏற்கெனவே ஓடும் குவாரியின் வெடியால் சமையலறைச் சுவரில் விட்ட விரிசலைச் செல்போனில் படம் எடுத்து வந்து அதிகாரிகளிடம் காட்டினார். தை மாதம் பெங்களூரா ரக மா பூ எடுக்கும்போது, விடிகாலைப் பனியில் கல்தூசி அப்பிப் பூங்கொத்து சாம்பல் நிறமாகிக் கருகிப்போவதை நான் சொன்னேன். கடைசியில் கூட்டக் குறிப்பைத் தமிழில் வாசித்தார்கள். தூசியைக் கட்டுப்படுத்த வேண்டும், உள்ளூர் ஆட்களுக்கு வேலை தர வேண்டும் என்று மக்கள் கேட்டதாக இருந்தது. விரிசலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த இடத்திலேயே எழுந்து, "அதையும் சேருங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் பாதிப் பேர் வாசலைத் தாண்டிவிட்டோம்.

சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தாகிவிட்டது என்பதே டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சொல்லித்தான் தெரிந்தது. வக்கீலிடம் ஓடினோம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் சட்டப்படி 30 நாளுக்குள் அங்கே மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேற்கொண்டு 60 நாள். அதற்குமேல் தீர்ப்பாயமே நினைத்தாலும் எடுக்க முடியாது என்றார். அனுமதி கிடைத்ததாக விளம்பரம் வந்த தேதியிலிருந்து விரல் விட்டு எண்ணினார். நாங்கள் போய் நின்றது ஐந்தாவது மாதம். அக்கா எதுவும் பேசாமல் செல்போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இது வேறு எந்த ஊருக்கும் நடக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு பற்றி மத்திய அரசு வெளியிட்ட 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். குவாரியால் வரும் பாதிப்பு பற்றிய வரைவு அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் யாரும் பார்க்கலாம். அந்த 30 நாள்தான் நமக்கான நேரம். இரண்டாம் முறை வேறொரு குவாரிக்கு விண்ணப்பம் வந்தபோது நான்கு பேர் உட்கார்ந்து அந்த அறிக்கையைப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். குடியிருப்பு தொலைவில் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். கல்குவாரிக்கும் குடியிருப்புக்கும் நடுவே 300 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கின்றன தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். வருவாய்ப் பதிவேட்டில் நத்தம் என்று இருப்பதும் குடியிருப்புதான். ஆகவே நத்தம் பட்டா நகலையும் புல வரைபடத்தையும் வைத்து ஆட்சேபணை எழுதினோம். "குவாரியே வேண்டாம்" என்ற கோஷத்தைக் கண்டுகொள்ளாமல் விடலாம்; "இத்தனையாவது பக்கத்தில் உள்ள தூரம் தவறு, இதோ வரைபடம்" என்ற ஒரு வரிக்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும்.

கூட்டத்தை வீடியோ எடுக்கிறார்களே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பேசியதை எழுதியும் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அக்கா இந்த முறை தன் கையெழுத்திலேயே ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. நாளை அனுமதி கொடுத்தாலும், சென்னையில் உள்ள தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போகக் கையில் ஆதாரம் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1000 ரூபாய்தான். லட்சக்கணக்கில் ஆகும் என்று பயந்தே பலர் அந்தப் பக்கம் போவதில்லை.

நகரத்து வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நகரில் எந்த இடம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடும்போது ஆட்சேபணை சொல்ல, 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் குறைந்தது 2 மாத அவகாசம் தருகிறது. நம் வீட்டு சர்வே எண் திட்ட வரைபடத்தில் எந்தப் பயன்பாட்டுக்கான நிறத்தில் இருக்கிறது என்று அப்போதே பார்த்துவிட வேண்டும்.

அனுமதி ஆணையின் நகல் உள்ளாட்சி அலுவலகத்துக்கு வந்ததும் 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது விதி. ஊராட்சித் தலைவர்கள் அதைப் பலகையில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், அடுத்த கிராம சபையில் வாசிக்கவும் வேண்டும். தாங்களும் கருத்துக்கேட்புக் கூட்டச் செய்தியை வெளியிடுவது போலவே, அனுமதி கிடைத்த செய்தியையும், மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி எது என்பதையும் மாவட்டப் பக்கத்தில் வெளியிடுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.