மீன் வண்டிகளிலிருந்து ரோட்டில் ஒழுகும் உப்புத் தண்ணீரைத் தடுக்கக் கோரி மனு

அனுப்புநர்
கார் டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை நடத்துபவர்,
செஞ்சை, காரைக்குடி.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், சிவகங்கை.

பொருள்: தொண்டிப் பக்கமிருந்து தேவகோட்டை வழியாகக் காரைக்குடி வரும் மீன் வண்டிகளில் ஒழுகும் உப்புத் தண்ணீரால் வாகனங்கள் துருப்பிடிப்பது – தடுப்பு நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் இருபத்திரண்டு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். துருப்பிடித்த கார் வந்தால்தான் எனக்குப் பிழைப்பு. அப்படிப்பட்டவனே துருவைத் தடுக்கச் சொல்லி மனு எழுதுகிறான் என்றால், விஷயம் கை மீறிப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காரைக் கொண்டுவந்தார். ஏழு வருட வண்டி. வாரம் தவறாமல் துடைத்து, மேலே கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார். "கதவுக்குக் கீழே ஒரு சின்னக் கொப்புளம், அதை மட்டும் பார்த்துவிடு தம்பி" என்றார். லிஃப்டில் ஏற்றி, ஸ்குரூ டிரைவர் நுனியை அந்தக் கொப்புளத்தில் லேசாக வைத்தேன். அப்பளத்தில் விரல் போவது போல உள்ளே போய்விட்டது. ஒரு சாண் நீளத்துக்குத் தகடு உள்ளிருந்தே அரித்திருந்தது. பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினால், இரண்டு கை கொள்ளும் அளவுக்கு மண். காய்ந்து, ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. துளி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன் (செய்யக்கூடாதுதான், பழக்கதோஷம்). உப்பு. மீன் கவிச்சி வேறு.

அவர் வீடு மீன் வண்டிகள் போகும் ரோட்டில், வேகத்தடையை ஒட்டினாற்போல் இருக்கிறது. கார் நிற்பதும் வாசலில்தான்.

விடியற்காலை நான்கு மணிக்கு மேல் வண்டிகள் வரத் தொடங்கும். பெட்டிக்குள் மீன், அதன் மேல் நொறுக்கிய ஐஸ், குளிர் கூடட்டும் என்று சிலர் கல்லுப்பும் தூவியிருப்பார்கள். உருகும் தண்ணீர் பின்கதவு இடுக்கு வழியாக ஒழுகிக்கொண்டே வரும். வேகத்தடையில் வண்டி ஒரு குதி குதிக்கும்போது மொத்தமாகக் கொட்டும். வெயில் ஏறினால் அந்த இடம் வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும், நீங்களே வந்து பார்க்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்த 61 நாளில் மட்டும் இந்த வெள்ளை மங்கிவிடுகிறது.

காய்ந்த உப்பு சும்மா இருந்தால்கூடப் பரவாயில்லை. மழைக்காலத்தில் அடுப்படி உப்பு ஜாடி நீர்த்துக் கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும்; சுத்தம் செய்யாத கடலுப்பில் மக்னீசியமும் இருப்பதால் அது இன்னும் சீக்கிரமே கசியும். இந்த மார்கழிப் பனியில் இரவெல்லாம் காரின் அடிவயிறு உப்புத் தண்ணீரில் ஊறுகிறது என்றுதான் அர்த்தம். முழுசாக இருக்கும் பெயிண்டை உப்பு அவ்வளவு எளிதில் ஒன்றும் செய்யாது. கல் தெறித்த புள்ளி, வெல்டிங் போட்ட மடிப்பு, கதவுக்கு அடியில் தண்ணீர் வடியும் துளை, இப்படி இரும்பு தெரியும் இடம் கிடைத்தால் அங்கே நுழைந்து, பெயிண்டுக்கு அடியிலேயே பரவும். மேலே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும். பிரேக் பைப்பும் அதே அடிப்பக்கத்தில்தான் ஓடுகிறது என்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

என் அக்கா மகன் கனடாவில், டொராண்டோ பக்கம் மெக்கானிக்காக இருக்கிறான். அங்கே பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் உறையாமல் இருக்க அரசாங்கமே லாரி லாரியாக உப்பைக் கொட்டுகிறது. உப்புக் கலந்த தண்ணீர் அவ்வளவு எளிதில் உறையாது. ஐஸில் சறுக்கி ஆள் சாவதைவிடக் கார் துருப்பிடிப்பது மேல், அது அவர்கள் கணக்கு. உப்பு வரும் என்று தெரிந்திருப்பதால் குளிர் தொடங்குமுன்னே மேலே வேக்ஸ் போட்டு, அடியில் துருத் தடுப்பு எண்ணெய் அடித்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். நானும் வாடிக்கையாளர்களிடம் அதைத்தான் சொல்கிறேன். ஏற்கெனவே துரு பிடித்த இடத்தில் கருப்பு ரப்பர் கோட்டிங் அடித்து மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும் என்றும் சொல்கிறேன். சரி, காருக்காவது அடியில் எதையாவது அடிக்கலாம். வாசலில் சைக்கிள் நிறுத்துபவரும், அந்த வழவழப்பில் பைக்கோடு விழுபவரும் என்ன செய்வது? இங்கே ஒழுகும் உப்பால் யாருக்கு என்ன லாபம்?

மீன் வண்டி வரக்கூடாது என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலும் மீன் குழம்புதான். ஒவ்வொரு வண்டியிலும் தளத்துக்கு அடியில் ஒரு தொட்டி, அதற்கு ஒரு குழாய், திறந்து மூட ஒரு வால்வு. எங்கள் தெருப் பட்டறைகளில் ஒரே நாளில் செய்துவிடக்கூடிய வேலை இது. தொட்டி இல்லாத வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) கொடுக்க வேண்டாம் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும். அதோடு மீன் மார்க்கெட்டிலேயே அந்தத் தண்ணீரைத் திறந்துவிட ஓர் இடமும், வண்டியைக் கழுவக் குழாயும் மாநகராட்சி அமைத்துக் கொடுக்க வேண்டும். இடம் காட்டாமல் அபராதம் மட்டும் போட்டால், ஊருக்கு வெளியே கண்மாய்க் கரையில் திறந்துவிட்டுப் போவார்கள். அது இதைவிட மோசம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், நாங்கள் சொல்லும் 'சிக்ரி', இதே காரைக்குடியில் இருக்கிறது. இரும்பு ஏன் அரிக்கிறது என்பதற்கே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடலில் தகடுகளைத் தொங்கவிட்டுச் சோதிப்பவர்கள், தாங்கள் ஒரு கடிதம் எழுதினால் நம் ரோட்டோரத்திலும் நாலு தகட்டை வைத்துப் பார்க்க மாட்டார்களா? தகடு எவ்வளவு அரிக்கிறது என்ற அளவு கையில் இருந்தால் நான் சொல்வது மிகையா இல்லையா என்பதும் தெரிந்துவிடும்.

ஆசிரியரின் காரிலிருந்து வெட்டி எடுத்த தகட்டுத் துண்டை, அவர் அனுமதியோடு, இம்மனுவுடன் இணைத்திருக்கிறேன். பெயிண்ட் இருக்கும் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் திருப்பிப் பார்க்கவும். ஓரம் கூர்மையாக இருக்கும், கை கீறிவிடாமல் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: காரைக்குடி
நாள்: 05.01.2026

இணைப்பு: தகட்டுத் துண்டு ஒன்று, பிளாஸ்டிக் பையில்.