விஆர் கதையை 2012-இல் தொடங்காதீர்கள்

தமிழில் தொழில்நுட்பக் காணொளி செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் விஆர் (வர்ச்சுவல் ரியாலிட்டி, அதாவது மெய்நிகர் உலகம்) ஹெட்செட் விமர்சனங்களை விடாமல் பார்க்கிறவன் நான். திரை, விலை, பேட்டரி என்று பொறுமையாக விளக்குகிறீர்கள். ஆனால் வரலாறு என்று வந்தால் அநேகமாக எல்லோரும் 2012-இல், ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற ஹெட்செட் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் மக்களிடம் பணம் திரட்டியதிலிருந்துதான் ஆரம்பிக்கிறீர்கள். முந்தைய ஐம்பது ஆண்டுகளை ஒரே வரியில் தாண்டிவிடுகிறீர்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

1960-இல் மார்ட்டன் ஹைலிக் என்ற அமெரிக்கர் முகத்தில் மாட்டும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சின்ன டிவி குழாய்கள், காதுக்கு ஒலி, முகத்தில் காற்று வீச வழி, எல்லாம் அந்த வரைபடத்தில் உண்டு. ஒன்றுதான் இல்லை: தலையைத் திருப்பினால் படம் மாறாது.

தலையோடு படமும் மாறும்படி செய்து காட்டியவர் ஐவன் சதர்லண்ட் என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி. ஹார்வர்டில் மாணவர்களோடு சேர்ந்து அவர் கட்டிய கருவியைப் பற்றிய கட்டுரை 1968-இல் வந்தது. கூரையிலிருந்து ஒரு தண்டு இறங்கித் தலையில் மாட்டிய கருவியோடு இணையும். தலை போகிற பக்கமெல்லாம் அதுவும் நீண்டு, சுருங்கி, சுழலும். அதை வைத்துத்தான் தலை எங்கே இருக்கிறது என்று கணினி தெரிந்துகொண்டது. 6 அடி விட்டம், 3 அடி உயரம், அவ்வளவு இடத்துக்குள் தலையை அசைக்கலாம். பாதி ஒளி ஊடுருவும் கண்ணாடி வழியாக எதிரே இருக்கும் நிஜ அறையும் தெரியும், அதன்மேல் கோடுகளால் ஆன ஒரு கனசதுரம் மிதக்கும். அன்றைய கணினியின் வேகம் போதாததால், கோணம் மாற்றும் கணக்குக்கும் பார்வைக்கு வெளியே போகும் கோடுகளை வெட்டவும் தனி மின்சுற்றுகளையே அமைத்தார்கள். இன்று கிராஃபிக்ஸ் சிப் அந்த வேலையைத்தான் செய்கிறது.

அந்தக் கட்டுரையில் சதர்லண்ட் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறார். இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு படம் காட்டுவது முக்கியம்தான். ஆனால் நாம் அசையும்போது படமும் அதற்கேற்ப மாறுவதே அதைவிட முக்கியம். 1995-இல் நின்டெண்டோ கொண்டுவந்த வர்ச்சுவல் பாய் என்ற வீடியோ கேம் கருவியை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். மேசைமேல் கால் ஊன்றி நிற்கும், சிவப்பு நிறத்தில் மட்டும் படம் காட்டும், தலை அசைவை அது கவனிப்பதே இல்லை. முப்பரிமாணம் இருந்தும் அது விஆர் ஆகவில்லை.

1980-களில் நாசாவின் ஏம்ஸ் மையம் செய்த ஹெட்செட்டும் உங்கள் கவனத்துக்கு உரியது. ஸ்டீரியோ (கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம் காட்டும்) புகைப்படங்களுக்காக எரிக் ஹவ்லெட் வடிவமைத்த அகன்ற கோண லென்ஸைச் சின்ன எல்சிடி திரைகளுக்கு முன்னால் பொருத்தினார்கள். பார்வை விரிந்தது.

சரி, நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த விமர்சனத்தில் பிக்சல் எண்ணிக்கைக்குப் போவதற்கு முன், தலையைச் சட்டென்று திருப்பிப் பார்த்து, படம் கூடவே வருகிறதா, பின்தங்குகிறதா என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம், சதர்லண்டின் கட்டுரை இணையத்தில் கிடைக்கிறது. அதைப் படித்து, படம் போட்டு, தமிழில் ஒரு காணொளி செய்யுங்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவன்