நேரில் கேட்டவர்களைத் தேடிப் போ

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே தூத்துக்குடியில் எல்லோரும் நலம்; உன் நலமறிய ஆவல். கார்க்கில் மழை விட்டபாடில்லை என்று எழுதியிருந்தாய். ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே.

நீ அனுப்பிய படங்களில் ஒன்றை நானும் உன் பெரிய மாமாவும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பால் தெருவை ஒட்டிய சிறிய சதுக்கத்தில், கிட்டாரை நினைவூட்டும் ஒரு சிற்பத்தின் அருகே தோழிகளோடு நின்றுகொண்டு, "யாருக்கு வைத்தது என்று தெரியவில்லை, இடம் நன்றாக இருந்தது" என்று கீழே எழுதியிருந்தாய். அது அயர்லாந்தின் கிட்டார் கலைஞர் ரோரி கல்லஹருக்கு வைத்தது, கண்ணு. 1997 முதல் அந்தச் சதுக்கத்தின் பெயரே அவருடைய பெயர்தான். நீ சிறுமியாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் மாமா வீட்டு டேப் ரிக்கார்டரில் ஓடிக்கொண்டே இருக்கும் கிட்டார் அவர் வாசித்ததுதான். அவர் வளர்ந்த ஊரிலேயே உனக்கு வேலை கிடைத்திருப்பதால், உன்னிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன். அதற்கு முன்பு அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ரோரி 1948 மார்ச் 2 அன்று டொனிகால் மாவட்டத்துப் பாலிஷானனில் பிறந்தார். அவருடைய அப்பா அங்கே எர்ன் ஆற்றின் நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தவர். குடும்பம் பிறகு டெர்ரிக்குப் போய், கடைசியில் அம்மாவின் ஊரான கார்க்குக்கே வந்து சேர்ந்தது. மிசிசிப்பியின் பருத்திக் காடுகளிலும் சிகாகோவின் மதுக்கூடங்களிலும் கறுப்பின மக்கள் பாடி வளர்த்த ப்ளூஸ் இசை, அயர்லாந்தின் தெற்குக் கோடியில் இருந்த ஒரு பையனை வானொலி வழியாகத்தான் எட்டியது. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்காக நடத்தப்பட்ட ஒலிபரப்பை இரவு நேரங்களில் பிடித்துக் கேட்டு, யார் என்று தெரியாத பாடகர்களைப் பெயர் பெயராகத் தேடிக் கற்றுக்கொண்ட பிள்ளை அவர்.

1963-இல், பதினைந்து வயதில், கார்க்கின் க்ரௌலி இசைக்கருவிக் கடையில் ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைத் தவணைக்கு வாங்கினார். விலை நூறு பவுண்டு. அந்தக் காலத்து அயர்லாந்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய கடன். அந்தக் கிட்டார் அவர் கைக்கு வந்த கதை மாமாவுக்கு மிகவும் பிடித்தமானது. ராயல் ஷோபேண்ட் என்ற குழுவின் கிட்டார் கலைஞர் சிவப்பு நிறத்தில் ஒன்று கேட்டு அமெரிக்காவுக்கு எழுதியிருக்கிறார். வந்து சேர்ந்ததோ நடுவில் மஞ்சளும் ஓரத்தில் கருமையுமான சன்பர்ஸ்ட் நிறம். பிறகு சிவப்பு வந்ததும், முதலில் வந்ததைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைத்தான் ரோரி வாங்கினார். கடனை அடைப்பதற்காகப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டே, கோட்டுப் போட்டுக்கொண்டு நடன அரங்குகளில் அன்றைய பிரபலமான பாட்டுகளை அப்படியே வாசிக்கும் ஒரு ஷோபேண்டிலும் சேர்ந்தார். அந்த வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. ஆனால் அயர்லாந்தின் சாலைகளையெல்லாம் அவர் பழகிக்கொண்டது அந்த நாட்களில்தான். 1966-இல் கார்க்கிலேயே 'டேஸ்ட்' என்ற தம் சொந்தக் குழுவைத் தொடங்கினார்.

அந்தக் கிட்டாரின் படத்தை ஒருமுறை பெரிதாக்கிப் பார். அறுபதுகளில் டப்ளினில் அது திருடுபோய், சில நாட்கள் கழித்து மழையில் நனைந்து பள்ளத்தில் கிடந்த நிலையில் கிடைத்தது. இனி இதை யாருக்கும் விற்பதில்லை என்று அப்போது முடிவு செய்தவர், சாகும்வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். மேடைக்கு மேடை அவர் சிந்திய வியர்வையில் மேற்பூச்சு உரிந்துபோய், நம் வீட்டுப் பழைய அரிவாள்மனைப் பலகை போல வெறும் மரம் தேய்ந்து தெரியும். முன்கை உராயும் இடத்தில் பூச்சு அறவே இல்லை. கம்பிகளை முறுக்கும் ஆறு திருகுகளில் ஒன்று மட்டும் மற்ற ஐந்தோடு சேராத வேறு வகை. பழுதானதை மாற்றிவிட்டு வாசிப்பைத் தொடர்ந்திருக்கிறார். அழகுக்காக எதையும் மாற்றவில்லை. உடையும் அப்படித்தான். மற்ற ராக் கலைஞர்கள் பட்டும் ஜிகினாவும் அணிந்து மேடையேறிய எழுபதுகளில், இவர் வேலைக்குப் போகிறவர் போலக் கட்டம் போட்ட சட்டையும் ஜீன்ஸுமாக வந்து நின்றார்.

அவரைப் பற்றி ரசிகர்கள் சொன்ன நினைவுகளில் எல்லோரும் அறிந்தது, குயின் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே சொல்வது. மே அப்போது பெயர் தெரியாத ஓர் இளைஞர். லண்டனின் மார்க்கீ கிளப்பில் டேஸ்ட் குழு வாசித்து முடித்த பிறகு, நண்பர் ஒருவரோடு வெளியேறாமல் உள்ளேயே பதுங்கியிருந்து, மேடையில் தம் கருவிகளைத் தாமே எடுத்து வைத்துக்கொண்டிருந்த ரோரியிடம் போய், "இந்த ஒலி உங்களுக்கு எப்படி வருகிறது?" என்று கேட்டிருக்கிறார். ரோரி எதையும் மறைக்காமல் காட்டினார். ஒரு வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையர். அதற்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் என்ற கையடக்கமான பெட்டி. அந்தப் பெட்டி கிட்டாரின் உச்ச ஒலிகளை மட்டும் தூக்கி அனுப்பும். அந்த வேகத்தைத் தாங்காமல் ஆம்ப்ளிஃபையரின் வால்வுகள் கரகரத்து, மனிதத் தொண்டை போல நீண்டு ஒலிக்கும். கிட்டாரின் சத்தத்தைச் சற்றே குறைத்தால் மறுபடியும் தெளிந்துவிடும். மே அதே போன்ற கருவிகளை வாங்கிச் சேர்த்தார். பிறகு உலகமே அறிந்த அவருடைய ஒலி அங்கிருந்து பிறந்ததுதான் என்பதை அவரே பல முறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். தொழில் ரகசியத்தை முன்பின் தெரியாத பையனுக்குச் சொல்லிக்கொடுத்த அந்த மனது எனக்கு அவருடைய எந்த வாசிப்பையும்விட உயர்வாகத் தெரிகிறது.

ஆனால் நான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது பெல்ஃபாஸ்ட் பற்றி. அந்த ஊர் இருக்கும் வடக்கு அயர்லாந்து, எழுபதுகளில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையிலான மோதலில் எரிந்துகொண்டிருந்தது. 1972 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 470-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். மாலையானால் நகரத்தின் நடுப்பகுதி வெறிச்சோடிவிடும். வெளியூர்க் கலைஞர்கள் பெரும்பாலோர் அந்தப் பக்கமே வரவில்லை. ரோரி வந்தார், ஒருமுறை வந்து பெயர் வாங்கிக்கொண்டு போகவில்லை, ஆண்டுதோறும் வந்தார். 1862-இல் கட்டப்பட்ட அல்ஸ்டர் ஹாலில், கிறிஸ்துமஸ் புத்தாண்டு நாட்களை ஒட்டி அவர் வாசிப்பது ஊர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வழக்கமாயிற்று. கத்தோலிக்கத் தெருவிலிருந்து வந்த பிள்ளையும் புராட்டஸ்டன்ட் தெருவிலிருந்து வந்த பிள்ளையும், பகலில் ஒருவர் தெருவுக்குள் மற்றவர் கால் வைக்க அஞ்சியவர்கள், அந்த அரங்கில் தோளோடு தோள் உரச நின்று ஒரே பாட்டுக்குக் காலால் தரையை உதைத்தார்கள். 1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் ஆகிய மூன்று ஊர்களில் பதிவான நிகழ்ச்சிகளிலிருந்துதான் 'ஐரிஷ் டூர்' என்ற இசைத்தட்டும், டோனி பாமர் இயக்கிய ஆவணப்படமும் வந்தன. அந்தப் படத்தில் ரோரியின் விரல்களைவிட மேடைக்கு முன்னால் நெருக்கியடித்து நிற்கும் அந்தப் பிள்ளைகளின் முகங்களைத்தான் நான் அதிகம் பார்ப்பேன். அந்த இரவுகளை மறந்துவிடாத பெல்ஃபாஸ்ட், 2025 ஜனவரியில் அல்ஸ்டர் ஹாலுக்கு வெளியே ரோரிக்குச் சிலையும் வைத்துவிட்டது.

அவர் வாழ்க்கையின் மற்றப் பகுதிகளை நீயே படித்துக்கொள்ளலாம். தாம் தெய்வமாக மதித்த ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் லண்டனில் பதிவு செய்தபோது உடன் வாசித்தார். 1975 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவினர் அழைத்து ராட்டர்டாமில் சேர்ந்து வாசித்துப் பார்த்தார்கள். ஆனால் ஜப்பானில் ஒப்புக்கொண்டிருந்த நிகழ்ச்சிகள் இருந்ததால் விமானம் ஏறிவிட்டார். அது அவர் இழந்த பெரிய வாய்ப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்னொருவர் குழுவில் இரண்டாவது கிட்டாராக நிற்கப் பிறந்தவர் அல்லர் அவர். திருமணம் செய்துகொள்ளவில்லை, பயணமே வாழ்க்கையாக இருந்து, உடல் கெட்டு, கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த தொற்றினால் 1995 ஜூன் 14 அன்று லண்டனில் காலமானார். வயது 47. உன் ஊருக்கு மேற்கே பாலின்காலிக்கில், புனித ஆலிவர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

அந்தக் கிட்டாரை அவருடைய தம்பி டோனல் இத்தனை ஆண்டுகள் பாதுகாத்து, 2024 அக்டோபரில் லண்டனில் ஏலத்துக்கு விட்டார். யாராவது பணக்காரர் வாங்கிப் பெட்டகத்தில் பூட்டிவிடுவாரோ என்று மாமா அன்று முழுவதும் தவித்துக்கொண்டிருந்தார். கட்டணங்களும் சேர்த்து 8,89,400 பவுண்டுக்குப் போனது. வாங்கியவர்கள் அதை அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்கே கொடுப்பதாக அறிவித்தார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் மாமா சாப்பிட உட்கார்ந்தார்.

மாமா ரோரியை நேரில் கண்டவர் என்பது உனக்குத் தெரிந்திருக்காது. கப்பலில் இன்ஜின் வேலையில் இருந்தபோது, எழுபதுகளின் கடைசியில், ஹாம்பர்க் துறைமுகத்தில் கப்பல் நின்றிருந்த ஒரு மாலையில் தனியாகப் போய்ச் சீட்டு வாங்கியிருக்கிறார். என்னென்ன பாட்டு வாசித்தார் என்று கேட்டால் இரண்டு மூன்றுதான் அவருக்கு நினைவு வரும். ஆனால் ரோரியின் சட்டை முதுகோடு ஒட்டிப்போய் அதன் கட்டங்களே தெரியாமல் இருந்ததையும், மொழி தெரியாத ஒரு ஜெர்மன்காரர் கடைசிப் பாட்டில் இவர் தோளில் கைபோட்டுக்கொண்டு ஆடியதையும், திரும்பி வந்து இரவு முழுவதும் இன்ஜின் சத்தத்திலும் காதுக்குள் அந்தக் கிட்டார் கேட்டதையும் இன்றும் நேற்று நடந்தது போலச் சொல்வார். அடுத்த விடுப்பில் அவர் கொண்டுவந்த கேசட்டுகளைத்தான், தாத்தா தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து வைத்து நானும் அவரும் கேட்டோம். ஒரு பெண்பிள்ளை இதையெல்லாம் கேட்பதா என்று அன்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. மாமாதான் அதற்குக் காரணம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ரோரி வாசித்த ஸ்வரங்கள் இசைத்தட்டில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றுக்கு இனி அழிவில்லை. ஆனால் ஓர் இரவு யாருக்கு என்னவாக இருந்தது என்பது, அங்கே நின்றவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது. 1974-இல் பதினெட்டு வயதாக இருந்தவர்களுக்கு இன்று எழுபதைத் தொட்டுவிட்டது. நீ வேலைக்குப் போகும் பேருந்தில், காய்கறிக் கடையில், தேவாலய வாசலில் பார்க்கும் நரைத்த தலைகளில் சிலர் அன்று கார்க் சிட்டி ஹாலில் இருந்தவர்கள். அவர்களைக் கேள். "எப்படி வாசித்தார்?" என்று கேட்காதே, அதற்கு எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். யாரோடு போனீர்கள், சீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அரங்கில் எந்தப் பக்கம் நின்றீர்கள், முடிந்ததும் எப்படி வீட்டுக்குத் திரும்பினீர்கள் என்று கேள். பெல்ஃபாஸ்ட்காரர் யாராவது கிடைத்தால், ராணுவச் சோதனைச் சாவடிகளைத் தாண்டி அந்த இரவில் எந்த வழியாக நடந்தார் என்பதை விடாமல் கேள். அவசரப்படுத்தாமல் கேட்டால் சொல்வார்கள். பெயர் சொல்ல விரும்பாதவரைப் பெயர் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

கிராண்ட் பரேடில் உள்ள நகர நூலகத்தின் இசைப்பகுதிக்கு ரோரியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து தொடங்கு, அங்கே பணிபுரிகிறவர்களுக்கு இப்படிப்பட்டவர்கள் நாலு பேரையாவது தெரிந்திருக்கும். கேட்டதை அன்றன்றே தமிழில் எழுதி அனுப்பிவிடு. மாமாவுக்கு இப்போது கண் முன்போல இல்லை. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் எழுத்து தெளிவாக இருக்கட்டும்.

ஜூன் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை ஒட்டிய விடுமுறையில் பாலிஷானனில் அவருக்காகத் திருவிழா நடக்கும். பல நாடுகளிலிருந்தும் ரசிகர்கள் கூடுகிற இடம் அது. அவருடைய சிலையும் அந்த ஊரில் இருக்கிறது. கார்க்கிலிருந்து தீவின் மறுகோடிக்குப் போக வேண்டும் என்பதால் தனியாகப் போகாதே, தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போ. தங்கும் இடத்தை இப்போதே சொல்லி வை, கடைசி நேரத்தில் கிடைக்காது. செலவைத் தான் தருவதாக மாமா சொல்லிவிட்டார்; வேண்டாம் என்று சொல்லி அவர் மனத்தை நோகடிக்காதே.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா