எண்ணுகிற மேசையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் ஜனநாயகத்தின் கதை முடிந்துவிட்டது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கவலை நியாயமானதுதான், ஆனால் முடிவு கட்டியது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. நான் ஜார்ஜியா மாநிலத்தில் குவினெட் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) இருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்து 25 வருஷம் ஓடிவிட்டது, அதனால் இதை எழுதுகிறேன்.

2000 ஆகஸ்டில் வந்தேன். மூன்றே மாதத்தில் அதிபர் தேர்தல். புளோரிடாவில் வெறும் 537 ஓட்டு வித்தியாசம், ஒரு மாதத்துக்கு மேல் இழுபறி, உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் தோற்ற வேட்பாளர் அல் கோர் டிவியில் வந்து தீர்ப்பில் தனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் ஏற்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்ப்பக்கம் என்றால் அன்றைக்கு பஸ் ஓடியிருக்காது. 2008-இல் ஒபாமாவை எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்ற மெக்கெய்ன் கூட்டத்தில் ஒரு பெண்மணி ஒபாமாவை அரபுக்காரர் என்று சொன்னபோது, அவரிடமிருந்து மைக்கை வாங்கி, அப்படியில்லை, அவர் நல்ல குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் கொள்கையில்தான் வேறுபாடு என்று மெக்கெய்ன் மறுத்தார். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று நான் முடிவு செய்ததற்கு இந்த இரண்டு காட்சிகளும் ஒரு காரணம்.

இப்போது எதிராளியை நல்ல மனிதர் என்று மேடையில் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது. நம் ஆட்களும் விலக்கில்லை. பத்து வருஷமாகச் சேர்ந்து பொங்கல் வைத்த எங்கள் வாட்ஸ்அப் குழு 2024-இல் ஒரு வீடியோவுக்காக இரண்டாக உடைந்தது. என் மனைவிக்குப் பிரசவ வலி வந்த ராத்திரி காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்த நண்பர் இன்று கடையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

சரி, நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 2020 நவம்பரில் அதிபர் தேர்தல் கணக்கைச் சரிபார்க்க ஜார்ஜியாவின் சுமார் 50 லட்சம் ஓட்டுச் சீட்டுகளையும் கையால் எண்ணினார்கள். எங்கள் கவுண்டியில் எண்ணியவர்களில் நானும் ஒருவன். மேசைக்கு இரண்டு பேர். என்னோடு உட்கார்ந்தவர் ஓய்வு பெற்ற ஒரு பாட்டியம்மா, டிரம்புக்கு ஓட்டுப் போட்டவர், அதை மறைக்கவும் இல்லை. அவர் சீட்டை எடுத்துப் பெயரை உரக்க வாசித்து என்னிடம் கொடுப்பார், நான் பார்த்து மறுபடி வாசித்து அந்தந்த அடுக்கில் வைப்பேன். கொஞ்சம் தள்ளி இரண்டு கட்சி ஆட்களும் நோட்டோடு நின்றார்கள். மத்தியானத்துக்குள் விரல் நுனி வறண்டு சீட்டு வழுக்க ஆரம்பித்துவிட்டது. டிரம்ப் பெயரை வாசித்த அதே குரலில்தான் அந்த அம்மா பைடன் பெயரையும் வாசித்தார், ஒரு தடவைகூடக் குரல் மாறவில்லை.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் பள்ளி ஆசிரியர். 1989-இல் தேர்தல் வேலைக்குப் போய்விட்டு சட்டையில் சிவப்பு அரக்கு ஒட்டியபடி வீடு வந்தது ஞாபகம் இருக்கிறது. அன்று போனில் அவரிடம் எண்ணிய கதையைச் சொன்னேன். யார் ஜெயித்தார்கள் என்று கேட்கவில்லை, "ஏஜெண்டெல்லாம் கூடவே இருந்தாங்களா?" என்றுதான் கேட்டார்.

அடுத்து நடந்தது எல்லோருக்கும் தெரியும். எங்கள் கவுண்டியில் ஓட்டு இயந்திர வேலை பார்த்த ஒரு பையனுக்குத் தூக்குக் கயிற்றைக் காட்டி மிரட்டல் வந்தது. கடைசிக் கணக்கில் ஜார்ஜியாவில் டிரம்ப் பைடனிடம் தோற்ற வித்தியாசம் 11,779 ஓட்டு. 11,780 கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று அதிபர் டிரம்பே போனில் கேட்டும், தேர்தல் பொறுப்பில் இருந்த மாநிலச் செயலர் ராஃபென்ஸ்பெர்கர் மசியவில்லை, இத்தனைக்கும் அவர் அதே கட்சிக்காரர். அந்தப் போன் வந்த நாலே நாளில் நாடாளுமன்றத்துக்குள் கும்பல் புகுந்தது. 2025 ஜனவரியில், மறுபடி அதிபரான டிரம்ப் அந்தக் கும்பல் வழக்குகளில் சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு கொடுத்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஆனால் கட்டுரையாளர் விட்டுவிட்ட ஒன்று உண்டு. 2022 மே மாதம் ராஃபென்ஸ்பெர்கரைத் தோற்கடிக்க டிரம்ப் வேறு ஆளை ஆதரித்தார். அந்தக் கட்சியின் உட்தேர்தலில் வாக்காளர்கள் ராஃபென்ஸ்பெர்கரையே ஜெயிக்க வைத்தார்கள், அதுவும் முதல் சுற்றிலேயே. என் மேசைத் துணையும் அவருக்குத்தான் போட்டாராம். அப்புறம், 2025 ஜனவரி 6 அன்று, டிரம்பிடம் தோற்றிருந்த துணை அதிபர் கமலா ஹாரிஸ் அவைத்தலைவர் இருக்கையில் நின்று தான் தோற்ற கணக்கைத் தானே வாசித்தார். கால் மணிச் செய்தியாகப் போய்விட்டது, எனக்கு அது பெரிய விஷயம்.

வாக்குச்சாவடியில் எப்போதும் ஆள் பற்றாக்குறை. குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் முகநூலில் சண்டை போடும் நேரத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்துப் பாருங்கள், அவரவர் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும். ஜார்ஜியாவில் 16 வயதுப் பிள்ளைகளையே சேர்த்துக்கொள்கிறார்கள். என் மகளும் பெயர் கொடுத்திருக்கிறாள், வருகிற சனிக்கிழமை இரண்டு பேரும் பயிற்சிக்குப் போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
குவினெட் கவுண்டி, ஜார்ஜியா